ஏழு மணிக்கு மேல்

என் அக்காவிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது. எலக்ட்ரீஷியன் தொழிலில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி முடித்து, தேர்வும் எழுதித் தேறியதற்கு 1993-இல் கொடுத்தது. பீரோவில் பத்திரங்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் அவள் எங்கும் வேலை கேட்டதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "அதுல எழுதியிருக்கிறது பாதிதான்டி நெசம்" என்றாள்.

மீதிப் பாதி என்ன ஆயிற்று என்று தேடப் போனதில் எழுதியது இது. தேடத் தேட, அந்தப் பாதியைத் தொலைத்தவள் என் அக்கா ஒருத்தி மட்டும் இல்லை என்று தெரிந்தது.

எங்கள் ஊர் மில் ஊர். சங்கு ஊதினால் எழும், சங்கு ஊதினால் சாப்பிடும், சங்கு ஊதினால் படுக்கும். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். ஸ்பேனரும் திருப்புளியும் கைக்கெட்டும் இடத்தில் கிடந்த வீடு. அதனால் அக்கா ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தது எங்களுக்குப் பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். இரண்டாண்டு முடிந்ததும் ஒரு மில்லின் மின்பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். அவளோடு மூன்று பையன்கள்.

பையன்கள் முறைவைத்து இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனார்கள். அக்காவுக்கு ஆண்டு முழுவதும் பகல் மட்டும். முதல் வாரமே சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்: "ஏழு மணிக்கு மேல லேடீஸ் உள்ள இருந்தா இன்ஸ்பெக்டருக்கு நான்தாம்மா பதில் சொல்லணும்." அவர் கெட்டவர் இல்லை என்றுதான் அக்கா இன்றும் சொல்கிறாள். சட்டத்துக்குப் பயந்தவர். பகலிலும் அவளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் நோட்டுப் புத்தக வேலைதான். மோட்டார் பதிவேடு, மீட்டர் கணக்கு, ஸ்டோரில் சாமான் வாங்குவதற்கான சீட்டு. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டப் பாராட்ட நோட்டுகள் கூடின.

இரவில் அப்படி என்ன இருக்கிறது என்று அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த நான் கேட்டிருக்கிறேன். பதிலை அவள் மோட்டாரை வைத்துச் சொன்னாள்.

மூன்று ஃபேஸில் ஓடுகிற மோட்டாருக்கு ஓடும்போதே ஒரு ஃபேஸ் போய்விட்டால் அது உடனே நின்றுவிடாது. மிச்சம் இரண்டு ஃபேஸில் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடும். சத்தம் மாறும். உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி சூடேறும், வார்னிஷ் கருகும் வாசனை வரும். அதற்குள் நிறுத்தினால் மோட்டார் பிழைக்கும். நிறுத்திவிட்டு அதே நிலையில் மறுபடி போட்டால் சுழலாமல் உறுமும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் மாறிய சத்தத்தைக் காது கண்டுபிடிக்க வேண்டும், வாசனையை மூக்கு கண்டுபிடிக்க வேண்டும், பயத்தில் பதறாமல் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும். பகலில் ஒரு மோட்டார் நின்றால் சுற்றிலும் பத்துப் பேர் கூடிவிடுவார்கள், இன்ஜினியர் வந்துவிடுவார், அப்ரண்டிஸ் எட்டி நின்று வேடிக்கை பார்ப்பான். பொழுது சாய்ந்த பிறகு ஆள் குறைவு. அப்போதுதான் மெகரை அவன் கையில் கொடுத்து, "நீயே பாரு" என்பார்கள். பையன்களுக்கு அந்த "நீயே பாரு" கிடைத்தது. அக்காவுக்கு ஒருமுறை கூடக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மின்பிரிவில் ஓய்வு பெறும் வயதில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு, அக்காவை ஓடுகிற மோட்டார்களின் பக்கம் கூட்டிப்போய் நிறுத்துவாராம். "கையை வைக்கிறதுக்கு முன்னாடி காதை வையி பாப்பா" என்பாராம். தனக்கு உருப்படியாகக் கிடைத்த பயிற்சி அந்த அரை மணி நேரங்கள்தான் என்கிறாள் அக்கா.

*

அப்ரண்டிஸ் என்பதற்கு நம் அரசு எழுதும் தமிழ்ச் சொல் தொழிற்பழகுநர். மொழிபெயர்ப்புச் சொற்களில் பல எனக்கு உவப்பாக இருப்பதில்லை. ஆனால் இது நல்ல சொல். பழகுதல் என்றால் திரும்பத் திரும்பச் செய்து கைவரப்பெறுதல். மனிதர்களோடு கலந்து உறவாடுவதையும் பழகுதல் என்றுதான் சொல்கிறோம். தொழில் கற்பதற்கு இரண்டும் வேண்டும். கை பழக வேண்டும், கைதேர்ந்தவரோடு பழகவும் வேண்டும். நம் வீடுகளில் ஒரு பெண் வளரும்போது அவளிடம் அதிகம் சொல்லப்படுவது எது என்று யோசித்துப் பாருங்கள். கண்டவர்களோடும் பழகாதே. இருட்டிய பிறகு வெளியே நிற்காதே. இந்த இரண்டையும் கேட்டு நடக்கிற பெண் நல்ல பெண் என்று பேர் வாங்கலாம். நல்ல எலக்ட்ரீஷியன் என்று பேர் வாங்க முடியாது.

மின்தொழிலில் பழக்கம் உயிர்காக்கும் விஷயம். கம்பத்தில் ஏறுவதற்கு முன்பு லைன்மேன் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எல்.சி. வாங்க வேண்டும், அதாவது லைன் கிளியர். இந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று, நான் சொல்லாமல் யாரும் திரும்பக் கொடுக்கக் கூடாது என்ற ஏற்பாடு அது. பிறகு ஏ.பி. ஸ்விட்சைத் திறந்து பூட்ட வேண்டும். லைனில் மின்சாரம் உண்மையிலேயே இல்லையா என்று சோதிக்க வேண்டும். வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். எங்கோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால், நிறுத்திய லைனிலும் பின்பக்கமாக மின்சாரம் ஏறும் என்பதால்தான் இந்த எர்த் ராடு. கையுறை, பெல்ட், ஹெல்மெட் எல்லாம் இவற்றோடு சேர்ந்தவை. மழையில், இருட்டில், "எப்பப்பா கரண்ட் வரும்" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்போதும் இந்த வரிசை மாறக் கூடாது. அவசரத்தில் ஒரு படியைத் தாண்டியவர்களின் பிணங்களைக் கம்பத்திலிருந்து இறக்கிய செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்.

நல்ல பயிற்சி என்பது இந்த வரிசையை எந்த நேரத்திலும் மறக்காத கையை உண்டாக்குவது. அப்படியானால் மின்தொழிலில் பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பொருள் பயிற்சிதான். பெண்களிடம் பேசும்போது மட்டும் அதே சொல்லின் பொருள் வேறாகிவிடுகிறது. உனக்குப் பாதுகாப்பு இல்லை, அதனால் வராதே. பாதுகாப்பின் பெயராலேயே பாதுகாப்பைக் கற்கவிடாமல் தடுத்த வரலாறு ஒன்று இருக்கிறது. அதன் தொடக்கத்தை நான் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் கண்டேன்.

*

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைகளைப் பெண்கள் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று 1919-இல் சட்டம் கொண்டுவந்து அவர்களை வெளியே அனுப்பினார்கள். அதே ஆண்டு அங்கே பெண் பொறியாளர் சங்கம் தொடங்கியது. அதன் முதல் செயலாளர் கரோலின் ஹாஸ்லெட். பட்டறையில் வேலை கற்றவர். மின்சாரம் பெண்களின் முதுகொடிக்கும் வீட்டு வேலையைக் குறைக்கும் என்று நம்பியவர். 1924-இல் தொடங்கிய பெண்களுக்கான மின்சாரச் சங்கத்துக்கு அவர்தான் இயக்குநர்.

அந்தச் சங்கத்தின் தோழிகளில் ஒருவர் மார்கரெட் பார்ட்ரிட்ஜ். கணிதம் படித்து, போர்க்காலத்தில் பொறியியல் வேலைக்கு வந்தவர். டெவன் பகுதியில் சொந்தமாக மின் ஒப்பந்த நிறுவனம் நடத்தினார். பெரிய கம்பெனிகள் எட்டிப்பார்க்காத சின்ன ஊர்களுக்கு விளக்கு கொடுத்தார். தன்னிடம் இளம்பெண்களைப் பழகுநர்களாகச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் 17 வயதில் வந்து சேர்ந்த பியாட்ரிஸ் ஷில்லிங். பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டியவர். வீடுகளுக்கு வயரிங் செய்வதிலிருந்து மின்நிலையத்தைக் கவனிப்பது வரை பார்ட்ரிட்ஜிடம் கற்றார்.

பாம்ப்டன் என்ற ஊரில் பார்ட்ரிட்ஜ் அமைத்த சிறிய மின்நிலையத்தை இரவில் தனியாகப் பார்த்துக்கொள்ளும் வேலையும் ஷில்லிங்குக்கு வந்தது. ஊர் விளக்கேற்றுவதே இரவில்தான். மின்நிலையத்துக்கு உண்மையான வேலை இருட்டிய பிறகுதான். ஆனால் அப்படி ஒரு பெண் இரவில் வேலை செய்வது சர்வதேச உடன்படிக்கையை மீறிய செயல் என்று தெரியவந்தது. 1919-இல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே தொழிற்சாலைகளில் பெண்களின் இரவு வேலையைத் தடை செய்திருந்தது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு யாரையும் குற்றவாளி ஆக்க வேண்டாம். இரவு வேலைத் தடை பெண்களை வெறுத்தவர்கள் கொண்டுவந்தது இல்லை. பகலெல்லாம் வீட்டிலும் இரவெல்லாம் ஆலையிலும் உழைத்து மடிந்த பெண்களைக் கண்ட சீர்திருத்தக்காரர்களும் தொழிற்சங்கத்தாரும் நெடுங்காலம் போராடிப் பெற்றது. 1906-இலேயே பெர்ன் நகரில் இதற்கு ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. பெண்ணியவாதிகளே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். உழைக்கும் பெண்ணுக்குத் தனிப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். வேலை ஆபத்தானதென்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே அதைச் சரிசெய்யுங்கள், பெண்ணை மட்டும் வெளியே நிறுத்தாதீர்கள் என்றார்கள் இன்னொரு சாரார். இரண்டாம் அணியினர் 1926-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமே அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், திறந்த கதவு.

பார்ட்ரிட்ஜும் ஹாஸ்லெட்டும் விடவில்லை. பெண் பொறியாளர்களுக்கு விலக்கு வேண்டும் என்று பேசினார்கள், எழுதினார்கள். கேள்வி நிரந்தர சர்வதேச நீதிமன்றம் வரை போயிற்று. ஆலையில் நூல் நூற்கும் பெண்ணுக்கான தடை, மேற்பார்வைப் பொறுப்பில் இருக்கும் பெண்ணுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்று 1932-இல் நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆறு நீதிபதிகள் ஒரு பக்கம், ஐந்து பேர் மறுபக்கம். அனைவரும் ஆண்கள். அதன் பிறகு 1934-இல் உடன்படிக்கையைத் திருத்தினார்கள். நிர்வாகப் பொறுப்பில் உள்ள, வழக்கமாகக் கையால் வேலை செய்யாத பெண்களுக்குத் தடை பொருந்தாது என்றது திருத்தம்.

இந்த வரியை நான் பலமுறை படித்தேன். கையால் வேலை செய்யாத பெண்கள். மேசைக்குப் பின்னால் இருந்து உத்தரவிடும் பெண்ணுக்கு இரவு திறந்தது. கையில் ஸ்பேனர் பிடித்தவளுக்கு மூடியே இருந்தது. எந்தப் பழகுநர்ப் பெண்ணின் பெயரால் பிரச்சினை எழுந்ததோ, அவளைப் போன்றவளுக்கு அந்தத் திருத்தம் எதுவும் தரவில்லை. ஷில்லிங் அதற்கு முன்பே பார்ட்ரிட்ஜின் தூண்டுதலால் மான்செஸ்டர் போய் மின்பொறியியல் படித்து 1932-இல் பட்டம் வாங்கியிருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமான என்ஜின் ஒன்றின் பழுதுக்குத் தீர்வு கண்டு புகழ்பெற்றார். மேலே ஏறிச் செல்ல முடிந்தவர் ஏறிவிட்டார்.

*

நம் ஊருக்கு வருவோம். 1932-இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது. அந்த மின்சாரத்தை நம்பி ஆலைகள் பெருகின, ஆலைகளை நம்பி ஊர்கள் பெருகின. எங்கள் ஊர் போன்றவையும் பின்னால் அதே வழியில் வளர்ந்தவைதான். நூற்பாலைகளில் பெண்கள் தொடக்கம் முதலே இருந்தார்கள். மின்பிரிவில் இல்லை.

இந்தியா 1919 உடன்படிக்கையை ஏற்ற நாடு. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, காலை ஆறு முதல் இரவு ஏழு மணி வரைதான் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யலாம் என்றது. சூப்பர்வைசர் சொன்ன ஏழு மணி இதுதான். அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இயந்திரத்தை இயக்கும் முதன்மைப் பகுதிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவற்றைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ பெண்களையும் வயது நிரம்பாதவர்களையும் விடக் கூடாது என்றது. ஒரே வாக்கியத்தில் பெண்ணும் சிறுவனும். சிறுவன் ஒருநாள் வயது நிரம்பி அந்த வாக்கியத்திலிருந்து வெளியேறிவிடுவான். பெண் எந்த வயதில் வெளியேறுவாள்?

1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. தொழிற்சாலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும், பாடத்திட்டப்படி கற்பிக்க வேண்டும், உதவித்தொகை தர வேண்டும், முடிவில் தேர்வு வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்ன நல்ல சட்டம். இதன் கீழ் வந்த விதிகள், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பழகுநருக்குப் பயிற்சி கொடுக்க முன்னனுமதி வேண்டும் என்றன. பயிற்சியின் நலனுக்கு அது தேவை என்று அதிகாரி கருதினால் அனுமதி தரலாம் என்றும் இருந்தது. அதாவது, சில தொழில்களுக்கு இரவும் பாடம்தான் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. ஆகவே தொழிலாளர் சட்டங்களின் உரிமைகளை அவர் கோர முடியாது. என் அக்காவை இதோடு வைத்துப் பாருங்கள். கூலி கேட்டால், "நீ தொழிலாளி இல்லை, அப்ரண்டிஸ்." பையன்களோடு இரண்டாம் ஷிஃப்டு கேட்டால், "நீ அப்ரண்டிஸ் இல்லை, பொம்பளை." அவளைத் தள்ளிவைக்க எந்த அடையாளம் வசதியோ அந்த அடையாளம் அவளுக்குக் கிடைத்தது.

*

மின்தொழிலில் பெண்கள் என்று பேச்செடுத்தால் நாம் பெருமையாகச் சொல்லும் பெயர் அ. லலிதா. சொல்ல வேண்டிய பெயர்தான். 1919-இல் சென்னையில் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண்ணுக்கு என்ன காத்திருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. லலிதா படிக்கப் போனார். அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அவர் முயற்சியாலும் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவின் ஆதரவாலும் 1940-இல் லலிதாவுக்கு இடம் கிடைத்தது. சிவில் பொறியியலில் லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இரு பெண்களும் சேர்ந்தார்கள். பட்டச் சான்றிதழ் கொடுக்கும்போது, அச்சிட்டிருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் சொல்லைக் கையால் எழுதினார்களாம்.

லலிதாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பட்டத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த படி. பட்டத்துக்குச் செயல்முறைப் பயிற்சி வேண்டும் என்பதால் அவர் பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் ஓராண்டு பழகுநராக இருந்தார். 1862-இல் தொடங்கிய மிகப் பெரிய பணிமனை அது. மதராசிலிருந்து ஒரு இளம் விதவை, கைக்குழந்தையாக இருந்து வளர்ந்துவந்த மகளைப் பிரிந்தும் நினைத்தும், கருப்பு எண்ணெயும் இரும்புத் தூளுமான அந்த ஆண்களின் உலகத்தில் ஓராண்டு. பிறகு சிம்லாவில் வேலை, 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் மின்தொடர் வடிவமைப்பு. பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகளுக்கான பணியிலும் அவர் பங்கு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு, ஹாஸ்லெட் வளர்த்த அதே பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார்.

ஜமால்பூரின் கதவு அவருக்குத் திறந்தது எப்படி? அவருடைய அறிவும் மன உறுதியும் ஒரு காரணம். பேராசிரியரான அப்பா இன்னொரு காரணம். அந்த அப்பா இல்லாத பெண்களுக்கு அதே கதவு திறக்கவில்லை. 1934 திருத்தத்தின் நிழல் இங்கேயும் விழுகிறது. பொறியாளராகப் போகிற பெண்ணுக்கு ஒரு வழி உண்டு. எலக்ட்ரீஷியன் ஆகப் போகிற சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு இல்லை. நம் பெண்ணிய வரலாறும் முதல் பெண் பொறியாளர், முதல் பெண் நீதிபதி என்று உச்சிகளை எண்ணிக்கொண்டே போய்விட்டது. முதல் பெண் வயர்மேன் யார் என்று நம்மில் யாரும் கேட்கவில்லை. அந்த வேலைக்கு ஒரு பெண்பால் பெயர்கூட நம்மிடம் இல்லை.

*

66-ஆம் பிரிவின் இரவுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வசந்தா தொடுத்த வழக்கு. பெண்ணைப் பாதுகாப்பது நிறுவனத்தின் கடமை, அவள் வேலையைப் பறிப்பது பாதுகாப்பாகாது என்ற திசையில் போன தீர்ப்பு. போக்குவரத்து, ஓய்வறை, பாலியல் தொல்லையிலிருந்து காப்பு, தனியொருத்தியாக இல்லாமல் சேர்ந்து வேலை செய்யும் ஏற்பாடு என்று நிபந்தனைகளும் விதித்தது. செய்தியைப் படித்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அப்போது அவளுக்கு இரண்டு குழந்தைகள், வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். "ஏழு வருஷம் லேட்டு" என்று சிரித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இது சுபமான கதை. முடியவில்லை. அதே காலத்தில்தான் நம் மாநிலத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் பரவியது. ஏழை வீட்டுப் பதின்பருவப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். விடுதியில் அடைத்து வைத்தார்கள். இரவு ஷிஃப்டும் உண்டு. மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் உடம்பு முடியாமல் வெளியேறிய பலருக்கு அதுவும் இல்லை. அந்தப் பெண்களுக்கு ஆலைகள் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? அப்ரண்டிஸ். சில வாரங்களில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைக்கு மூன்றாண்டு பழகுநர். தொழிலாளி இல்லை என்பதால் தொழிலாளியின் கூலியும் இல்லை.

என் அக்காவுக்குப் பயிற்சி என்ற பெயர் கிடைத்தது, இரவு கிடைக்கவில்லை. இந்தப் பெண்களுக்கு இரவு கிடைத்தது, பயிற்சி கிடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இரவைத் திறந்துவிட்டால் போதும் என்று வாதாடுகிறவர்கள் சுமங்கலிப் பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். இரவை மூடிவைப்பதே பாதுகாப்பு என்கிறவர்கள் என் அக்காவின் பீரோவைத் திறந்து பார்க்க வேண்டும்.

*

2019-இல் தெலங்கானாவில் இளநிலை லைன்மேன் வேலைக்கு அறிவிப்பு வந்தபோது பெண்கள் விண்ணப்பிக்க முடியாது என்றார்கள். ஐ.டி.ஐ. முடித்த சில பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2020 டிசம்பரில் அவர்களுக்கும் கம்பம் ஏறும் தேர்வு நடந்தது. ஏறினார்கள். சிரிஷா என்ற இளம்பெண் 2021-இல் வேலையில் சேர்ந்தார். அவர் கம்பத்தில் ஏறும் படத்தை என் வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அவங்களுக்கு ஏறக் கத்துக் கொடுத்தது யாரு?" அந்த வகுப்பில் அன்று கேட்கப்பட்ட சிறந்த கேள்வி அதுதான். வேலைக்கு எடுப்பதை நீதிமன்றம் உத்தரவிட முடியும். "நீயே பாரு" என்று மெகரைக் கையில் கொடுப்பதற்கு எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023 ஜூனில் தரமான தொழிற்பழகுநர் பயிற்சி பற்றிய பரிந்துரையை ஏற்றது. தகுந்த ஊதியம், தகுதியுள்ள பயிற்றுநர், பாதுகாப்பு, பழகுநரை மலிவான கூலிக்காரராக்காமை, ஆண்பெண் சமத்துவம் எல்லாம் அதில் பேசப்படுகின்றன. 1919-இல் பெண்களுக்கு இரவை மூடிய அதே அமைப்பு. 104 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பரிந்துரை காகிதத்தில்தான் இருக்கிறது, அது மில்லின் வாசலுக்கு வர யாராவது கேள்வி கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் பழகுநர் பயிற்சிக்குப் போனால் அவளிடம் இவற்றைக் கேளுங்கள். உனக்குக் கற்றுக்கொடுக்க என்று ஓர் ஆள் இருக்கிறாரா? உன் அளவுக்குக் கையுறையும் பெல்ட்டும் இருக்கிறதா? கழிப்பறை எவ்வளவு தூரம்? நோட்டில் எழுதுவது எத்தனை மணி நேரம், கருவியைப் பிடிப்பது எத்தனை மணி நேரம்? உன்னோடு இன்னொரு பெண் இருக்கிறாளா? இருட்டிய பிறகு பழுது வந்தால் உன்னைக் கூப்பிடுகிறார்களா? வேலை முடிந்து வீட்டுக்கு எப்படி வருகிறாய்? கடைசி இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள்.

போன ஐப்பசியில் அக்கா வீட்டில் இருந்தேன். அடைமழை. ராத்திரி பத்தரைக்கு எதிர்வீட்டில் மட்டும் கரண்ட் போய்விட்டது. அந்த வீட்டுப் பெண் வந்து, "அக்கா, டிவி பக்கத்துல கருகுற வாசனை வருது" என்றாள். அக்கா எழுந்து ரப்பர் செருப்பைப் போட்டாள், டெஸ்டரையும் டார்ச்சையும் எடுத்தாள். நானும் பின்னால் போனேன். சுவரில் கை வைக்கப்போன என்னைத் தடுத்தாள். முதலில் மெயினை நிறுத்தினாள். டெஸ்டரால் ஒருமுறை, இன்னொரு முறை பார்த்தாள். பிறகுதான் ஸ்விட்ச் போர்டைக் கழற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவள், எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திருப்புளியை அவளிடம் நீட்டினாள்.

"கிட்ட வா. நீயே பாரு."